நாய் படுக்கை நாறுகிறதா? எந்த வாடை என்று முதலில் சொல்லுங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் அப்பாவுக்கு மெத்தைத் தையல். இலவம் பஞ்சுத் தலையணை, சீர்வரிசை மெத்தை, அதுதான் எங்களுக்குச் சோறு போட்டது. அதே தையல் மெஷினில் நான் இப்போது நாய்க்கும் பூனைக்கும் படுக்கை தைக்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் புதுசு கேட்டு வருவதில்லை. பழைய படுக்கையை ஒரு கவரில் சுருட்டி, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வந்து, “நாத்தம் தாங்கலண்ணா, இன்னா பண்றதுன்னே தெர்ல” என்பார்கள்.

நாத்தம் என்று மொத்தமாகச் சொன்னால் எனக்கு ஒன்றும் பிடிபடாது. நெடியா, சிக்கு வாடையா, பூஞ்சை வாடையா, கவுச்சியா, புளிப்பா? ஒவ்வொன்றும் கிளம்பும் இடம் வேறு, அதற்கான கைவேலையும் வேறு. கீழே அந்தப் பெயர்களை வைத்தே எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டு வாடை எதுவோ நேராக அங்கே போய்விடலாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனை.

எங்கிருந்து வருகிறது?

படுக்கையைப் பிரியுங்கள். மேலுறையை ஒரு பிளாஸ்டிக் கவரிலும், உள்ளே இருக்கிற பஞ்சையோ ஃபோமையோ இன்னொரு கவரிலும் போட்டு இறுகக் கட்டி, வெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். சூட்டில் வாடை எழும்பும். ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பாருங்கள். அடுத்து, படுக்கை கிடந்த தரையைக் குனிந்து முகருங்கள். சிமெண்ட் தரையும் டைல்ஸ் இடுக்கும் மூத்திரத்தை நன்றாகக் குடிக்கும். கடைசியாக நாயின் காது, கால் பாதம், வால் அடி.

உறை மட்டும் நாறினால் துவைப்பதில் கோளாறு. உள்ளே நாறினால் தைத்ததில் கோளாறு, அதாவது என் மாதிரி ஆட்களின் தப்பு. தரை நாறினால் படுக்கையை மாற்றி என்ன பயன்? நாயே நாறினால் என்னிடம் வர வேண்டாம், கால்நடை டாக்டரிடம் போங்கள்.

முகர்வதற்கு வீட்டு ஆட்களை நம்பாதீர்கள். தினமும் அதே வாடையில் இருக்கும் மூக்கு அதை விட்டுவிடும். காசிமேட்டுக்கு விடியற்காலை மீன் ஏலத்துக்குப் போய் வருகிறவர் மூக்கைக் கவுச்சி விஷயத்தில் நான் சாட்சிக்கே சேர்ப்பதில்லை. வெளியூரிலிருந்து வந்த மச்சினனைக் கூப்பிடுங்கள். இரண்டு கவரிலும் ஒன்றும் இல்லை, ஆனாலும் சாயங்காலம் வீடு நாறுகிறது என்றால் ஜன்னலை மூடிப் பாருங்கள். ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கத்திலிருந்து காற்று திரும்பும் நாளில் எங்கள் தெருவே நாறும். அதற்கு நாயைத் திட்டுகிறவர்கள் உண்டு.

நெடி: மூக்கில் ஏறுகிறது, கண் கரிக்கிறது

மூத்திரம். வேறு எதுவும் இல்லை. பெய்த உடனே இவ்வளவு நெடி இருக்காது. அதில் இருக்கும் யூரியாவைக் கிருமிகள் உடைத்து அமோனியாவாக்க நேரம் வேண்டும். அதனால்தான் ராத்திரி ஈரமானது காலையில் மூக்கைக் குத்துகிறது. பூனை மூத்திரத்தில் இதற்கு மேல் ஃபெலினின் என்று ஒரு சரக்கு இருக்கிறது. அது சிதையும்போது கந்தகம் கலந்த வாடை வரும். காயடிக்காத கடுவனிடம் அது அதிகம். பூனைக்காரர்கள் “நாய் எவ்வளவோ மேல்” என்று அலுத்துக்கொள்வதில் நியாயம் உண்டு.

ஈரமாக இருக்கும்போதே பார்த்துவிட்டால் பழைய துணியை மேலே வைத்து அழுத்தி உறிஞ்ச விடுங்கள். தேய்த்தால் ஆழத்துக்குப் போகும். பிறகு வெறும் தண்ணீர். அதற்குப் பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி. அமோனியா காரம், வினிகர் அமிலம், ஒன்றை ஒன்று அடக்கும். சமையல் சோடா இந்த இடத்தில் உதவாது, அதுவும் காரம்தான். இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பொங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் நிறைய. பொங்கி முடிந்தபின் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர். வினிகரும் வீண், சோடாவும் வீண்.

காய்ந்து பழசாகிவிட்ட கறைக்கு என்சைம் கிளீனர் வாங்குங்கள். வாங்கியவர்களில் முக்கால்வாசிப் பேர், “போட்டேன், போகல” என்கிறார்கள். கேட்டால், தெளித்து உடனே துடைத்திருப்பார்கள். என்சைமுக்கு அவகாசம் வேண்டும். மூத்திரம் எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழம் அதுவும் போகும்படி நனைத்து, மேலே ஒரு கவரை மூடி, ராத்திரி முழுக்க விடுங்கள். எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணீர் போட்டு மூன்று மாதம் ஊறவைக்கும் வீட்டு பயோ என்சைமும் பலர் வைத்திருக்கிறார்கள். கெடுதல் இல்லை, ஆனால் அது பெரும்பாலும் வினிகர் வேலைதான் செய்யும். மாத்திரைக்குப் பதில் கஷாயம் மாதிரி.

கறை எங்கே என்று தெரியவில்லையா? கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் நீல டார்ச்சை இருட்டில் அடியுங்கள். காய்ந்த மூத்திரம் மங்கலான மஞ்சள் பச்சையாகத் தெரியும். டிடர்ஜெண்ட் பவுடரும் நீலமாக மின்னும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரைத் தொடவே தொடாதீர்கள். அமோனியாவோடு சேர்ந்தால் குளோரமைன் புகை, வினிகரோடு சேர்ந்தால் குளோரின் புகை, இரண்டும் நுரையீரலுக்கு ஆகாது. பூனை இருக்கும் வீட்டில் ஃபினாயிலும் வேண்டாம். டெட்டாலில் இருக்கும் குளோரோக்சைலினாலும் பூனைக்கு விஷம்தான். அதன் ஈரல் இந்த வகைச் சரக்கை வெளியேற்றத் திணறும். காலை நக்கினாலே உள்ளே போய்விடும். அந்துருண்டையைப் படுக்கைக்கு அடியில் வைப்பதும் கூடாது, நாய்க்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

சரி, கரிப் பை? தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆக்டிவேட்டட் கரி வாடையைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அமோனியாவை அது அவ்வளவாகப் பிடிக்காது. போதாக்குறைக்கு நம் கடலோரக் காற்றின் ஈரமே அதன் துளைகளில் இடம் பிடித்துக்கொள்ளும். அடுப்புக்கரியைத் துணியில் கட்டி வைப்பவர்கள் உறையைக் கறுப்பாக்கியதுதான் மிச்சம். நெடிக்கு ஜியோலைட் கல் கொஞ்சம் பரவாயில்லை, பூனை மண்ணில் கலந்து விற்கிறார்கள். ஆனாலும் என் கருத்து இது: மூத்திரம் தங்குகிற படுக்கைக்குள் என்ன பொட்டலம் வைத்தாலும் அது சாக்கடைக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்த ஊதுபத்தி.

யார், எப்போது பெய்கிறார்கள் என்றும் கவனியுங்கள். நாய் தூங்கி எழுந்த இடத்தில், நடுவில், வட்டமாக ஈரம் என்றால் அது வேண்டுமென்று பெய்ததில்லை. கருத்தடை செய்த பெட்டை நாய்க்கும் வயதான நாய்க்கும் தூக்கத்தில் கசியும், மருந்து உண்டு. ஈரம் பட்ட இடத்தில் எறும்பு மொய்த்தால், பிஸ்கட் தூள் கிடக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் சர்க்கரை சோதிக்கச் சொல்லுங்கள். கடுவன் பூனை முக்கி முக்கிச் சொட்டுச் சொட்டாகப் பெய்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ, படுக்கையை விட்டுவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அடைப்பு உயிரை வாங்கும்.

துவைத்தால் போகிறது, நாய் படுத்ததும் திரும்புகிறது

எனக்கு வரும் கேஸ்களில் இதுதான் அதிகம், இதில்தான் தையல்காரன் குட்டு வெளிப்படும். திருவொற்றியூர் காலடிப்பேட்டையிலிருந்து ஒரு அக்கா வந்தார். லாப்ரடார், ஒன்பது வயது. படுக்கை பெரிய கடையில் வாங்கியது, நல்ல தடித்த துணி, ஓரம் முழுக்க உருண்டையாகப் பைப்பிங் வைத்துத் தைத்தது, பார்க்க ஜோர். “ஏழு வாட்டி துவைச்சிட்டேன் தம்பி. வெயில்ல காயுற வரைக்கும் வாசனையா இருக்கு. அது ஏறிப் படுத்த பத்தாவது நிமிஷம் மறுபடியும் அதே கதை.”

உறையை முகர்ந்தேன், சுத்தம். உள்ளே ஃபோமைச் சுற்றி ஒரு தண்ணீர் புகாத லைனர்கூட இருந்தது. ஃபோமும் மோசமில்லை. பிறகுதான் சந்தேகம் வந்து பைப்பிங்கைத் தையல் பிரிக்கும் ஊசியால் இரண்டு அங்குலம் கிழித்தேன். உள்ளே சுண்டுவிரல் தடிமனுக்குப் பருத்திக் கயிறு. வெளியே வெள்ளைத் துணி, உள்ளே கயிறு டீ டிகாக்ஷன் நிறம். எடுத்து மூக்கருகே கொண்டுபோனதும் அந்த அக்கா இரண்டடி பின்னால் போனார். துவைத்த பிறகு உறை காய்ந்துவிடும், கயிறு காயாது. நாயின் உடம்புச் சூடு பட்டதும் அது மறுபடி மூச்சுவிட ஆரம்பிக்கும். மொத்தப் பைப்பிங்கையும் உருவிவிட்டுச் சாதா மடிப்புத் தையல் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து நான் தைக்கும் எதிலும் பைப்பிங் கிடையாது. அழகு கேட்கிறவர்களுக்கு ஓரத்தில் வேறு கலர் பட்டை வைத்துத் தருகிறேன்.

பைப்பிங் இல்லாமலே இப்படி ஆகிறது என்றால் லைனரைச் சோதியுங்கள். ரெக்சினோ ரப்பர் ஷீட்டோ எதுவானாலும் ஊசி போன இடமெல்லாம் ஓட்டைதான். தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் லைனரைப் போட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் சிட்டிகை கேசரி பவுடர் கலந்து தையல் மேலேயே ஊற்றுங்கள். கையால் அழுத்திக்கொண்டே பத்து நிமிஷம் இருங்கள், நாயின் எடை மாதிரி. தாளில் எங்கே ஆரஞ்சுப் பொட்டு விழுகிறதோ அங்கேதான் உங்கள் மெத்தைக்குள் மூத்திரம் இறங்குகிறது.

தீர்வு, தையலை மேலே வைக்காமல் கீழே கொண்டுபோவது. லைனரை ஒரே துண்டாக வெட்டி, பிரியாணிப் பொட்டலம் மடிக்கிற மாதிரி மெத்தையைச் சுற்றி மடித்து, வாய் அடிப்பக்கம் வரும்படி வையுங்கள். மேலே ஒரு ஊசிக்குத்துக்கூட இருக்கக் கூடாது. ரெக்சினைவிட, கட்டில் மெத்தைக்குப் போடும் வாட்டர்புரூஃப் புரொடெக்டர் துணி நல்லது. சலசலக்காது, ஓரளவு ஆவி போகும், பழசு இருந்தால் வெட்டிக்கொள்ளலாம். நாலா பக்கமும் ரெக்சினால் மூடினால் இன்னொரு தொல்லை உண்டு: உள்ளே போன கொஞ்ச ஈரமும் வெளியே வர வழியில்லாமல் அவிந்துபோகும். அதனால் மேல்பக்கமும் சுற்றுப்பக்கங்களும் மட்டும் தண்ணீர் புகாததாக, அடியில் கொசுவலை மாதிரித் துணியாக விடுகிறேன். ஆனால் அப்படிச் செய்தால் படுக்கை தரையில் கிடக்கக் கூடாது, வழிந்தது அடிவழியாக ஏறிவிடும். அதற்குக் கட்டில் வேண்டும், கீழே சொல்கிறேன்.

உள்ளே என்ன வைப்பது? பஞ்சு எங்கள் வீட்டுத் தொழில், சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கிறது: நாய்க்கு இலவம் பஞ்சு வேண்டாம். அதன்மேல் இயற்கையாகவே மெழுகு மாதிரிப் பூச்சு உண்டு, தண்ணீரைச் சட்டென்று குடிக்காது, அது நல்ல குணம். ஆனால் ஒருமுறை அழுக்கு ஏறிவிட்டால் துவைக்க முடியாது, கட்டி தட்டிவிடும். பருத்திப் பஞ்சோ நனைந்தால் கல். நாலு அங்குல ஃபோம் நடுவில் காயவே காயாது. ரெக்ரான் என்று கடையில் கேட்டால் கொடுக்கும் பாலியஸ்டர் பஞ்சுதான் எனக்குத் தோதுப்பட்டது. இழை தண்ணீரைக் குடிக்காது, மெஷினில் போடலாம். ஆனால் ஒரே பெரிய மெத்தையாக அடைக்காதீர்கள். பெரிய படுக்கையை மூன்று தலையணையாகப் பிரித்து, ஒரே உறைக்குள் பக்கத்தில் பக்கத்தில் செருகுங்கள். நனைந்த ஒன்றை மட்டும் உருவி பக்கெட்டில் போடலாம், அரை நாளில் காயும். வேலை எனக்குக் கூடுதல், ஆனால் வாடைப் பிரச்சினையில் பாதி இதிலேயே முடிந்துவிடும்.

சிக்கு வாடை: பழைய தலையணை மாதிரி, தொட்டால் பிசுபிசுப்பு

இது நாயின் தோல் எண்ணெய். லாப்ரடார் மாதிரி இரட்டை ரோமம் உள்ளவற்றுக்கு அதிகம், சிப்பிப்பாறை மாதிரி ஒட்டிய ரோமத்துக்குக் குறைவு. உறை பளபள பாலியஸ்டராக இருந்தால் எண்ணெயை விடாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு நல்லது என்று இப்போதுதானே சொன்னாய் என்று கேட்பீர்கள். உள்ளே பயம் தண்ணீரைப் பற்றி, வெளியே பயம் எண்ணெயைப் பற்றி. மேலுறைக்குப் பருத்திக் கேன்வாஸ் அல்லது தடித்த காடா துணி. எம்.சி. ரோட்டிலோ கோடவுன் தெருவிலோ மீட்டர் கணக்கில் கிடைக்கும். தைப்பதற்கு முன் ஒருமுறை ஊறவைத்துச் சுருக்கிவிடுங்கள்.

நம் பக்கத்தில் இதை மோசமாக்குவது தண்ணீர். துணி வெளுத்தவர்களால் பேர் பெற்ற பேட்டை இது. கம்பெனிக் காலத்தில் இங்கே வெளுத்த துணி கப்பலேறியது. இன்றைக்கு கடலோரத் தெருக்களில் போர் தண்ணீரைத் திறந்தால் சோப்பு நுரைக்க மாட்டேன் என்கிறது. கடினநீரில் பார் சோப்பு போட்டால் நுரைக்குப் பதிலாக வெள்ளைப் பிசுக்கு வரும். அது நூலில் ஒட்டி, எண்ணெயையும் வாடையையும் சேர்த்து ஒட்டவைக்கும். போதாததற்குத் துணியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், காய்ந்த உறையே ராத்திரியில் நசநசவென்று இருக்கும்.

ஆகவே பார் சோப்பு வேண்டாம், டிடர்ஜெண்ட் பவுடர். உறை தாங்குமானால் கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் வாஷிங் சோடா இரண்டு ஸ்பூன் சேர்த்து ஒரு மணி நேரம் ஊறட்டும். கடைசி அலசு மட்டுமாவது மெட்ரோ வாட்டரில், அதில் அரை டம்ளர் வினிகர். பிசுக்கு கழன்றுவிடும், வினிகர் வாடை காயும்போது போய்விடும். வாசனைக்காகப் போடும் ஃபேப்ரிக் கண்டிஷனர் துணிமேல் ஒரு வழவழப்புப் பூச்சு பூசுகிறது, அடுத்த துவைப்பில் அழுக்கு வெளியேறாது. நாய் உறைக்கு அது சுத்தமாக வேண்டாம். துவைக்கும் முன் உலர்ந்த உறையை மொட்டை மாடியில் உதறி முடியை எடுத்துவிடுங்கள். வெல்க்ரோ வைத்த உறை இந்த முடியைச் சேமித்து வைக்கும் உண்டியல். அதனால் தலையணை உறை மாதிரி ஆறு அங்குலம் மடிந்து செருகும் வாய்தான் வைக்கிறேன். கடித்து விழுங்க ஜிப்பும் இருக்காது.

பூஞ்சை வாடை: ஐப்பசி கார்த்திகையில் மட்டும்

வெயில் காலத்தில் இல்லாமல், மழை தொடங்கியதும் வரும் வாடை. அடைத்து வைத்த பெட்டியைத் திறந்த மாதிரி இருக்கும். படுக்கையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் கரும்புள்ளி இருக்கும். நம் தெருக்களில் தரைத்தளப் பழைய வீடுகளுக்குச் சுவரில் ஓதம் ஏறும், தரையிலும் ஏறும். அதன்மேல் உடம்புச் சூட்டோடு ஒரு நாய் எட்டு மணி நேரம் படுத்தால் அடிப்பக்கம் வேர்க்கத்தான் செய்யும்.

இதற்கு மருந்து கிடையாது, உயரம்தான். தரையிலிருந்து நாலு அங்குலம் தூக்குங்கள், துடைப்பம் நுழைய வேண்டும். பிவிசி பைப் நாலு, எல்போ நாலு, கால்கள், அதில் நைலான் நாடா பின்னல். பருத்தி நாடா ஈரத்தைக் குடிக்கும், வேண்டாம். முதலில் நான் கெட்டிக்காரத்தனமாகக் காசிமேட்டில் கழித்துப்போட்ட மீன்வலையை வாங்கி இழுத்துக் கட்டினேன். கவுச்சி போக ஒரு வாரம் ஊறவைத்தது தனிக்கதை. மூன்றாம் நாள் என் நாய் மணியின் நகம் வலையில் மாட்டி அது போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு விளக்கெல்லாம் எரிந்தது. பின்னலின் இடைவெளி நாயின் விரல் நுழையாத அளவு இருக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். கட்டிலைச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள், ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

மழை நாளில் துவைத்ததை எப்படிக் காயவைப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. ஃபோமாக இருந்தால் முறுக்காதீர்கள், கிழியும். இரண்டு துண்டுக்கு நடுவில் வைத்து ஏறி மிதியுங்கள். இரண்டு நாற்காலி முதுகுகளுக்கு இடையே பாலம் மாதிரி வைத்து, டேபிள் ஃபேனை அடியிலிருந்து ஓடவிடுங்கள். மேலே தொட்டுப் பார்த்துக் காய்ந்தது என்று ஏமாறாதீர்கள். நடுவில் விரல்களால் கிள்ளி அழுத்திக் கன்னத்தில் வையுங்கள், குளிர்ச்சியாகப் பட்டால் இன்னும் ஈரம். வெயில் வந்தால் மாடியில் போடலாம், ஆனால் வெயில் மேல்தோலைத்தான் சுடும், ஆழத்தை உலர்த்துவது காற்று. கரும்புள்ளி ஃபோமுக்குள் போய்விட்டிருந்தால் மல்லுக்கட்ட வேண்டாம், தூக்கிப் போடுங்கள். துணியில் புள்ளி மட்டும் இருந்தால் கறை போகாவிட்டாலும் வாடை போய்விடும்.

மழையில் நனைந்து வந்த நாயைத் துவட்டாமல் படுக்க விட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண்.

வெள்ளத்தில் நனைந்தது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணூர்ப் பக்கத்திலிருந்து படுக்கைகள் வந்தன. வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்த தெருக்கள். ஒரு வாரம் போராடிப் பார்த்தேன், ஒன்றையும் மீட்க முடியவில்லை. சாக்கடை கலந்த வெள்ளத்தில் ஊறிய ஃபோமும் பஞ்சும் குப்பைக்கு. அந்தத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கட்டில் சட்டத்தை மட்டும் தேய்த்துக் கழுவி வைத்துக்கொள்ளலாம்.

கவுச்சி: மீன் வாடை, ஆனால் வீட்டில் மீன் வாங்கவில்லை

ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இந்தக் கேள்வியை யாரும் சீக்கிரம் கேட்பதில்லை, கவுச்சி அங்கே காற்றோடு பிறந்தது. ஆனால் உறையில் உள்ளங்கை அளவு ஓர் இடத்தில் மட்டும், வால் வைக்கும் பக்கம், கவுச்சி தூக்கலாக இருந்தால் அது வஞ்சிரம் அல்ல. நாயின் ஆசனவாய்க்கு இருபக்கமும், கடிகாரத்தில் நாலு மணி, எட்டு மணி இடத்தில், சின்னச் சின்னப் பைகள் உண்டு. அவை நிரம்பி அடைத்தால் கசியும். நாய் பின்புறத்தைத் தரையில் இழுத்துக்கொண்டு போகும், அடிக்கடி அங்கே நக்கும். வீட்டில் நீங்களே அமுக்கிப் பார்க்க வேண்டாம், புண்ணாகிவிடும். பக்கத்தில் நம்பகமான டாக்டர் இல்லையென்றால் வேப்பேரி இருக்கிறது. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, வடசென்னைக்காரர்கள் மாடு, ஆடு, நாய் என்று எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போகும் இடம். உறையைச் சாதாரணமாகத் துவைத்தாலே போய்விடும்.

புளித்த வாடை

பழைய மாவு மாதிரிப் புளிப்பு, உறையில் தலை வைக்கும் இடத்தில் பழுப்புப் பிசுக்கு. காதைத் திறந்து பாருங்கள், உள்ளேயும் அதே பழுப்பு இருந்தால் ஈஸ்ட் தொற்று. படுக்கைமேல் பழி இல்லை. மருந்து போடும் நாட்களில் தலைப்பக்கம் பழைய வேட்டித் துண்டை விரித்துத் தினம் மாற்றுங்கள். பழுப்போ சொறிச்சலோ ஒன்றும் இல்லாமல் லேசான புளிப்பு மட்டும் என்றால் சமையல் சோடாவை உலர்ந்த உறைமேல் தூவி, ஒரு மணி நேரம் கழித்து உதறுங்கள். சோடாவுக்கு ஏற்ற இடம் இதுதான்.

புதுப் படுக்கையே நாறுகிறது, அல்லது நாய் ஏறவே மாட்டேன் என்கிறது

புது ஃபோமும் ரெக்சினும் கெமிக்கல் வாடை அடிக்கும். உறையைக் கழற்றி மூன்று நாள் காற்றாட விட்டால் தீர்ந்தது. லாவண்டர், எலுமிச்சை என்று வாசனை ஏற்றிய படுக்கைகளை வாங்காதீர்கள். நமக்கு வாசனை, நம்மைவிடப் பல மடங்கு மூக்கு உள்ள பிராணிக்குத் தொல்லை. வாசனைத் தைலங்கள் சில பூனைக்கு விஷமும்கூட. எலுமிச்சை வாடையைக் கண்டாலே பல பூனைகள் ஒதுங்கிப் போகும். அப்புறம் பூனை சோபாவில் படுக்கிறது என்று புகார் சொல்வார்கள்.

நான் இப்போது தைக்கும் அளவு

லாப்ரடார் அளவு நாய்க்கு 42 அங்குல நீளம், 30 அங்குல அகலம். நாய் காலை நீட்டிப் படுக்கும்போது மூக்கிலிருந்து வால் அடி வரை அளந்து எட்டு அங்குலம் கூட்டிக்கொண்டால் எந்த நாய்க்கும் கணக்கு வந்துவிடும். உள்ளே 30க்கு 14 அங்குலத்தில் மூன்று தலையணை, அதைச் சுற்றிப் பொட்டலம் மாதிரி மடித்த லைனர், வாய் அடியில். மேலே காடா உறை, மடிப்பு வாய், பைப்பிங் இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே நாலு அங்குல நாடாக் கட்டில். கசியும் கிழ நாய்க்கு மட்டும் உறைமேல் பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து விரிக்கச் சொல்கிறேன், பச்சைக் குழந்தைக்கு விரிப்போமே அப்படி. காலையில் எடுத்து அலசிப் போட்டால் போதும், உறைக்கு வாரம் ஒருமுறைதான் துவைப்பு.

உறை மட்டும் இரண்டு தைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உறை, மேல்விரிப்பு, தலையணை எல்லாவற்றையும் ஒரே நாளில் துவைத்து வைத்துவிடாதீர்கள். போன பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் பண்ணுகிற வேகத்தில் நான் அப்படிச் செய்தேன். தன் வாடை துளிகூட இல்லாத படுக்கையை மணி இரண்டு முறை சுற்றி வந்து முகர்ந்து பார்த்தது. அப்புறம் பக்கத்தில் வெறும் சிமெண்ட் தரையில் படுத்துக்கொண்டு விடிய விடிய என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் அதன் பழைய துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து மேலே போட்ட பிறகுதான் ஏறியது.